முகம் காட்டும் விண்ணப்பம்

பாடம் 8 – உரைநடை

படிக்கும் முன்

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வேலை தேடும் அண்ணனோ அக்காளோ இருக்கிறார்களா? அவர்கள் தம்மைப் பற்றி எழுதி அனுப்பும் தாளை நீங்கள் பார்த்ததுண்டா? அந்தத் தாளில் இல்லாத எந்தத் திறமையை அவர்களிடம் நீங்கள் கண்டிருக்கிறீர்கள்? இதனை வகுப்பில் சிறிது நேரம் பேசிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.

பாடம்

வேலை தேடுபவர் தம் பெயர், கல்வி, பட்டறிவு ஆகியவற்றை ஒன்றிரண்டு பக்கங்களில் எழுதி அனுப்புவது தன்விவரக் குறிப்பு எனப்படும். பேச்சு வழக்கில் இதனை ரெஸ்யூம் என்றும் பயோடேட்டா என்றும் சொல்கிறோம். பயோடேட்டா என்னும் சொல் திருமணத்திற்கு வரன் தேடும் தாளையும் குறிக்கும். வேலைக்கான தாளிலும் சிலர் உயரத்தையும் சமயத்தையும் தந்தையின் தொழிலையும் எழுதிவிடுவதற்கு இந்தச் சொற்குழப்பமே காரணமோ என்னவோ!

இவ்வகைக் குறிப்புகளுள் மிகப் பழையதாகப் பலரும் சுட்டுவது, இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி ஏறத்தாழ 1482ஆம் ஆண்டில் மிலன் நகர ஆட்சியாளர் லூதவிகோ ஸ்போர்சாவுக்கு எழுதிய மடலாகும். அப்போது அவருக்கு வயது முப்பது. தம்மால் செய்யக்கூடியவற்றை அவர் எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், கோட்டை அகழியின் நீரை வற்றச் செய்யும் வழிகள், மூடப்பட்ட போர் வண்டிகள் என அந்த வரிசை நீண்டது. அவரை உலகமே போற்றுவதற்குக் காரணமான ஓவியத்தையோ அவர் ஏறக்குறைய இறுதியில்தான் குறிப்பிட்டார். மிலன் ஆட்சியாளருக்கு அன்று வேண்டியிருந்தது போர்ப்பொறியாளர் என்பதை அவர் அறிந்திருந்தார். அம்மடலின் முடிவில் ஒரு செய்தி உண்டு. மேலே சொன்னவற்றுள் எதையேனும் இயலாது என எவரேனும் ஐயுற்றால், ஆட்சியாளரின் பூங்காவிலோ அவர் விரும்பும் வேறிடத்திலோ அதனைச் செய்து காட்டத் தாம் அணியமாக இருப்பதாக லியொனார்டோ எழுதியிருந்தார்.

எழுதிச் சொல்வது ஒன்று. செய்து காட்டுவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்க வந்ததே காணொளித் தன்விவரம். வேலை தேடுபவர் தம்மைப் பற்றி ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் பேசி, தம் திறமையைச் செய்து காட்டிப் பதிவு செய்து, எழுத்துக் குறிப்புடன் சேர்த்து அனுப்பும் காணொளி இது. எழுத்துக் குறிப்புக்கு இது துணையே அன்றி மாற்று அன்று. நம் நாட்டின் தொழிலாளர் அமைச்சகம் 2015ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையத்தளத்திலும், வேலை தேடுவோர் தம் காணொளியைச் சேர்க்கும் வசதி பின்னர் ஏற்படுத்தப்பட்டது.

இனி, தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசு ஊழியர் குடியிருப்பிலுள்ள ஒரு வீட்டிற்குச் செல்வோம். அந்த வீட்டின் தந்தையார் மதுரையிலிருந்து பணி மாற்றம் பெற்று வந்தவர். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, மகன் கைக்குழந்தை. இப்போது மகள் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டாள். மகன் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான்.

அக்காள் ஐந்து மாதங்களில் பதினொரு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தாள். ஓரிடத்திலிருந்தும் மறுமொழி வரவில்லை. மறுப்பு வந்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மறுமொழியே வராத நாள்கள்தாம் மனத்தை அரிப்பவை. மாலையில் தந்தையார் வீடு திரும்பியதும் மகளின் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். அவர் கேட்காமல் இருப்பதே அவளுக்குப் பெரும் சுமையாக இருந்தது. அந்நிலையில் கல்லூரித் தோழி ஒருத்தி, "காணொளி ஒன்று எடுத்து இணைத்து அனுப்பிப் பார்" என்றாள்.

முதல் காணொளி இரண்டு நாள்களில் உருவாயிற்று. இரவல் வாங்கிய மேற்சட்டை, பின்னணியில் இசை, மனப்பாடம் செய்த ஆங்கில உரை. தான் கடின உழைப்பாளி என்றும், எச்சூழலிலும் பிறருடன் இணைந்து பணியாற்ற வல்லவள் என்றும் அவள் சொன்னாள். சொல்ல வேண்டியவற்றை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்ததால், அவளுடைய கண்கள் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருந்தன. சன்னலுக்கு முதுகு காட்டி நின்றதால் முகம் இருண்டு கிடந்தது. தந்தையார் அதனை இருமுறை பார்த்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனால், இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார்.

அக்காளுக்குச் சினம் வந்தது. எனினும் அந்த வினா நியாயமானது. கடின உழைப்பாளி என்று எவரும் சொல்லலாம், சோம்பேறியும் சொல்லலாம். அவள் சொன்னவற்றுள் ஒன்றுகூட ஆசிரியப் பணிக்கே உரியது அன்று. வங்கிக்கும், கடைக்கும், பயண நிறுவனத்திற்கும் அதே காணொளியை அனுப்பியிருக்கலாம்.

2006ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கும் இதுவே நேர்ந்தது. வங்கி ஒன்றில் வேலை வேண்டி அவர் அனுப்பிய காணொளியில் பளு தூக்கினார், டென்னிசு ஆடினார், பனிச்சறுக்கு விளையாடினார், நடனமாடினார், கையால் கற்களை உடைத்தார். வங்கிப் பணியை எவ்வாறு செய்வார் என்பதற்கு அதில் இடமே இல்லாமற்போயிற்று. அக்காணொளி எவ்வாறோ வெளியே கசிந்து இணையமெங்கும் பரவ, முன்பின் அறியாதவர்களெல்லாம் அதனைப் பார்த்து நகைத்தனர். அந்த இளைஞரை நாமும் நகைக்க வேண்டியதில்லை. அவர் செய்த பிழை பலரும் செய்யக்கூடியதே. அது வெளியே பரவியதுதான் அவருடைய தீயூழ்.

அக்காள் மீண்டும் தொடங்கினாள். இம்முறை தன்னைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, பாடம் நடத்திக் காட்டுவது என முடிவு செய்தாள். மாணவன் வீட்டிலேயே இருந்தான். கருப்பொருள் பின்னம். கருவிகள் இரண்டு சப்பாத்திகள்.

ஒரு சப்பாத்தியை மூன்று சம பங்காகவும், மற்றொன்றை நான்கு சம பங்காகவும் வெட்டித் தம்பியின் முன் வைத்தாள். "மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா?" என்று இந்தியில் கேட்டாள். மூன்றைவிட நான்கு பெரிது அல்லவா? எனவே தம்பி தயங்காமல், "நான்கில் ஒன்று" என்றான். அக்காள் தவறு என்று சொல்லவில்லை. "சரி, உனக்குப் பசிக்கிறது. இவற்றுள் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்" என்றாள். தம்பி கையை நீட்டினான். நான்காக வெட்டிய தட்டின் மேல் சென்ற கை அங்கே நின்றது. பிறகு மெல்ல மற்றத் தட்டுக்கு நகர்ந்தது. "அக்கா, இதுதான் பெருசு!" என்று தமிழில் கத்திவிட்டான்.

படம் பிடித்து முடித்தபின், தம்பி தவறாகச் சொன்ன பகுதியை வெட்டிவிட அக்காள் நினைத்தாள். தமிழில் கத்தியதையும் நீக்க வேண்டும் என்றாள். அதுவரை அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாயார் குறுக்கிட்டார்.

"அதை ஏன் எடுக்க வேண்டும்? அவன் தவறாகச் சொன்ன இடத்தில்தானே நீ ஆசிரியை ஆகிறாய்!"

அந்தப் பகுதி நிலைத்தது. தமிழ்ச்சொற்களும் நிலைத்தன, அவற்றின் பொருளைத் திரையின் அடியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்தாள்.

மொழியைப் பற்றி மற்றொரு கவலையும் அவளுக்கு இருந்தது. தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே. இந்தியிலோ அதற்கு நிகராக நான்கு எழுத்துகள் உண்டு. பதினான்கு வயதில் தில்லிக்கு வந்த அக்காளின் நாவில் அந்நான்கும் சில வேளைகளில் ஒன்றோடொன்று கலந்துவிடும். தம்பி அதனைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வான். ஆங்கிலத்தில் மட்டும் பேசிவிடு என்று தோழி அறிவுரை கூறினாள். அக்காள் இரண்டு நாள் எண்ணிப் பார்த்தாள். மறைத்தாலும் நேர்காணலின் முதல் நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும். மேலும், பல மாநிலக் குழந்தைகள் கூடிப் படிக்கும் தில்லி வகுப்பறையில் மூன்று மொழிகளில் விளக்கத் தெரிந்த ஆசிரியை இருப்பது குறையா, நிறையா? எனவே, தான் பேசும் இந்தியிலேயே அவள் பேசினாள். நீங்களும் வீட்டில் ஒரு மொழியும், தெருவில் ஒரு மொழியும், வகுப்பில் ஒரு மொழியும் பேசுகிறவர்கள். இது ஒரு திறமை எனத் தன்விவரக் குறிப்பில் எழுத வேண்டும் என்பதே நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை.

படப்பிடிப்புக்குச் செலவு ஏதும் ஆகவில்லை. தந்தையாரின் கைப்பேசியை மூன்று அகராதிகளின் மேல் சாய்த்துக் கண் மட்டத்தில் கிடைநிலையாக வைத்தார்கள். சன்னலின் ஒளி முகத்தில் விழும்படி அவள் இடம் மாறி அமர்ந்தாள். மின்விசிறியின் இரைச்சல் பதிவானதால், மே மாத வெயிலில் அதனையும் நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் முயற்சியில் அண்டை வீட்டுக் குக்கர் கூவியது. இரண்டாம் முயற்சியில் உருளைக்கிழங்கு விற்பவரின் குரல் நுழைந்தது. மூன்றாம் முயற்சிக்குள் தம்பி சப்பாத்தியைத் தின்றுவிட்டான். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வர். குரல் தெளிவாகக் கேட்காவிட்டால் பொறுக்கமாட்டார். ஆகவே ஒலியில்தான் அவர்கள் மிகுந்த கவனம் செலுத்தினார்கள்.

முடிவில் காணொளியின் நீளம் எண்பது நொடிகள். முதல் பத்து நொடிகளில் பெயரும் தகுதியும்; அடுத்த அறுபது நொடிகளில் பாடம்; எஞ்சிய பத்தில், எந்த வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புகிறாள் என்பதும் நன்றியும்.

திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல். அவையஞ்சாமை அதற்கு அடுத்த அதிகாரம். காணொளியின் அவை கண்ணுக்குப் புலப்படாது. கேட்பவர் முகம் சுளிப்பதைக் கண்டு பேச்சை மாற்றிக்கொள்ளவும் இயலாது. எனவே அவையை முன்கூட்டியே அறிந்துகொள்வது இங்கு இன்னும் இன்றியமையாததாகிறது. அக்காளும் ஒவ்வொரு பள்ளியின் இணையப் பக்கத்தையும் படித்தபின், ஆறு பள்ளிகளைத் தெரிந்தெடுத்து, எழுத்துக் குறிப்புடன் காணொளியின் இணைப்பை அனுப்பினாள்.

இரண்டு மறுமொழிகள் வந்தன. ஒரு பள்ளி, மாதிரி வகுப்பு எடுக்க வருமாறு அழைத்தது. மற்றது, "காணொளிகளை நாங்கள் பார்ப்பதில்லை, எழுத்துக் குறிப்பை மட்டும் அனுப்புக" எனச் சுருக்கமாகத் தெரிவித்தது.

இந்த இரண்டாம் மறுமொழி அக்காளை வருத்தியது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நல்ல காரணமும் இருக்கக்கூடும். எழுத்துக் குறிப்பில் நிறமும் தோற்றமும் தெரிவதில்லை. காணொளியில் அவை முதல் நொடியிலேயே தெரிந்துவிடுகின்றன. தேர்வு செய்பவர் தம்மை அறியாமலேயே அவற்றிற்கு மதிப்பெண் இட்டுவிடலாம். அமெரிக்காவின் பாசுடன் இசைக்குழு 1952ஆம் ஆண்டில் இசைக்கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இடையில் திரை கட்டி, வாசிப்பவர் யாரென்று தெரியாமல் இசையை மட்டும் கேட்டது. பின்னர் வேறு பல இசைக்குழுக்களும் இம்முறையை மேற்கொண்டன. நடந்து வருபவர் ஆணா பெண்ணா என்பது காலணி ஓசையால் தெரியக்கூடாது எனத் தரையில் விரிப்பு இட்டவர்களும் உண்டு. இத்தகைய திரை பெண் கலைஞர்களின் வாய்ப்பைக் கூட்டியது என்று கிளாடியா கோல்டின், சிசிலியா ரவுசு ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் கோல்டின் 2023ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

திரை கட்டுவது சரியா, முகம் காட்டுவது சரியா? இசைக்குழுவினர் வாசிப்பவரின் முகத்தை மறைத்தார்களே தவிர, வாசிப்பை மறைக்கவில்லை. காணொளி எடுப்பவரும் இதனை நினைவிற் கொள்ளலாம். செய்யும் பணி திரையை நிரப்பட்டும். முகம் ஓரமாக இருந்தால் போதும். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுவது கடினம். ஆனால் இரும்புத் தகடுகள் இரண்டை அவர் பற்றவைத்தால் இணைப்பு கோடு போட்டாற்போல் சீராக அமையும். தன்விவரக் குறிப்பு அவரிடம் கேட்பது ஆங்கிலம்; காணொளியோ அவர் கைகளைக் காட்டச் சொல்கிறது. அத்தகையோருக்குத்தான் இந்தப் புதிய முறை மிகுதியும் பயன்பட வேண்டும் என்பது என் கருத்து. நடப்பிலோ நல்ல கைப்பேசியும், அமைதியான அறையும், கூச்சமற்ற பேச்சும் உடையவர்களே இதில் முந்திக்கொள்கிறார்கள்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. மைய அரசுப் பணிகளுக்கும், கேந்திரிய வித்யாலயா ஆசிரியர் பணிக்கும் முறையான அறிவிப்பு, படிவம், எழுத்துத் தேர்வு ஆகியன உண்டு. அங்கே காணொளி அனுப்புவதால் ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. கணக்கர், மென்பொருள் எழுதுபவர் போன்றோர் பேசுவதைவிடத் தாம் செய்த வேலையையே காட்டுவது நன்று. கற்பித்தல், விற்பனை, சுற்றுலா வழிகாட்டல், விடுதிப் பணி, செய்தி வாசிப்பு என மக்களோடு பேசிச் செய்யும் பணிகளுக்குக் காணொளி ஏற்றது. கைவினைத் தொழில்களுக்கும் ஏற்றதே.

ஒருமுறை அனுப்பிய காணொளி நம் கையில் இல்லை. 2006ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டும் செய்தியும் இதுவே. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஒரு சட்டம், நேர்காணல் காணொளிகளைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு மதிப்பிடும் நிறுவனங்கள் அதனை விண்ணப்பிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி இசைவு பெற வேண்டும் என்கிறது. அவர் கேட்டுக்கொண்டால் 30 நாள்களுக்குள் காணொளியை அழித்துவிடவும் வேண்டும். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. அக்காளின் காணொளியில் தம்பியும் இருந்தான் அல்லவா? ஆகவே பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்ட பின்னரே அவள் அதனை அனுப்பினாள். அவனுடைய பெயரையும் பள்ளியையும் சொல்லவில்லை. யூடியூபில் எல்லாரும் காணும்படி வெளியிடாமல், இணைப்பு உள்ளவர் மட்டும் காணும் வகையில் அமைத்தாள். வீட்டு முகவரி, ஆதார் எண், பிறந்த நாள் ஆகியவற்றுள் எதுவும் அதில் இல்லை. வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவருக்கு எதையுமே அனுப்பக்கூடாது என்பதைத் தந்தையார் இருமுறை சொல்லிவைத்தார்.

மாதிரி வகுப்பு ஒரு திங்கட்கிழமை. முதல் நாள் இரவு தாயார் மாவு பிசைந்துகொண்டே, "வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். முப்பத்தாறு என்றாள் அக்காள். தாயார் சிறிது நேரம் கணக்கிட்டார். பிறகு டப்பாவிலிருந்து இன்னும் நான்கு கை மாவு எடுத்துப் போட்டார்.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
அணியமாக – ஆயத்தமாக
அகழி – கோட்டையைச் சுற்றியுள்ள நீர் நிறைந்த பள்ளம்
இரவல் – திருப்பித் தருவதாகக் கேட்டு வாங்குவது
தீயூழ் – கெட்ட காலம்
இசைவு – ஒப்புதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. லியொனார்டோ தம் மடலில் ஓவியத்தை ஏறக்குறைய இறுதியில் குறிப்பிட்டது ஏன்?
2. "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று தந்தையார் கேட்டதன் பொருள் யாது?
3. இசைக்குழுவினர் தரையில் விரிப்பு இட்ட காரணத்தை எழுதுக.

ஆ. ஒரு பத்தி அளவில் எழுதுக.

1. தம்பி தவறாகச் சொன்ன பகுதியை நீக்க வேண்டாம் என்று தாயார் கூறியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. காணொளிகளைப் பார்ப்பதில்லை என்ற பள்ளியின் முடிவை நீர் ஏற்கிறீரா? மறுக்கிறீர் எனில், அக்காளின் சார்பாக அப்பள்ளிக்கு ஒரு மடல் வரைக.

இ. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக.

1. அக்கா, இதுதான் பெருசு!
2. ஃபேனை நிறுத்துங்க, சத்தம் கேக்குது.
3. அவங்க இன்னும் பதில் போடல.

ஈ. செய்து பார்ப்போம்.

உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். கோலம் இடுதல், மிதிவண்டிச் சக்கரத்திற்கு ஒட்டுப் போடுதல், தோசை வார்த்தல், சதுரங்கத்தில் ஒரு தொடக்க நகர்வு என எதுவாகவும் இருக்கலாம். அறுபது நொடிகளில் அதனைத் தமிழில் விளக்கிச் செய்து காட்டுங்கள். முதலில் எழுதி, உரக்கப் படித்து, நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பிறகு தாளைப் பாராமல் பேசுங்கள். பெற்றோரின் இசைவு பெற்ற பின்னரே பதிவு செய்யுங்கள். பதிவை வகுப்பில் மட்டும் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். எவருக்கும் அனுப்ப வேண்டாம்.